முழங்கை மடிப்பில் டயல் டோன்

ஜூன் 3, திங்கள்

டயாலிசிஸ். பதினொன்றுக்குப் போட்டு மூன்றுக்கு எடுத்தார்கள். கழுத்துக் குழாய் வழியாகத்தான்.

டெக்னீஷியன் ஸ்டெல்லா இன்றும் அதையே சொன்னாள். கழுத்துக் குழாய் என்பது வாடகை வீடு, சொந்த வீடு பார்க்கும் வழியைப் பாருங்கள் என்று. இந்தக் குழாயால் இரண்டு முறை குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் தாங்குவேனா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சொந்த வீடு என்றால் கையில் போடும் இணைப்பு. ரத்தத்தைக் கொண்டுவரும் குழாயையும் திரும்பக் கொண்டுபோகும் குழாயையும் கையில் ஓர் இடத்தில் சேர்த்துவிடுவார்கள். வேகமான ஓட்டம் புகுந்து, திரும்பும் குழாய் ஆறு வாரத்தில் பருத்துவிடும். பிறகு ஊசியை அதில் போடலாம். எனக்கு இடது மணிக்கட்டில் போட்டது பத்து மாதம் ஓடி அடைத்துக்கொண்டது. இடது முழங்கையில் போட்டது நாலு மாதம். மீதி இருப்பது வலது கை ஒன்றுதான்.

சாயங்காலம் மல்லி வறுத்தேன்.

ஜூன் 6, வியாழன்

மதுரைக்குப் போய் வந்தோம். டாக்டர் ஜெபராணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நாகர்கோவில் பேச்சு. என் இரண்டு தழும்புகளையும் வெகுநேரம் பார்த்தார். தையல் போட்ட ஒவ்வொரு துளையும் குழாய்க்கு ஒரு காயமாம். ஆறும்போது சிலருக்கு உள்பக்கம் தடித்துவிடுமாம். என் உடம்பு தடிக்கிற வகை.

அதனால் நூலைக் குறைத்து ஒளியால் ஒட்டப் பார்க்கிறார்கள். குழாய்களின் விளிம்புகளைச் சேர்த்து நாலே நாலு தையலில் நிறுத்தி வைப்பது. சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு போன்ற ஒரு புரதத்தைப் பச்சைச் சாயம் கலந்து பூசுவது. அதன்மேல் லேசரைக் காட்டுவது. சாயம் ஒளியைக் குடித்துச் சூடாகும். வெள்ளைக்கரு வேகிற மாதிரி புரதம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சூடு அதிகமானால் குழாயே வெந்துவிடும், குறைந்தால் ஒட்டாது. இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. எனக்கு முன்னால் ஒன்பது பேர். அதில் ஏழு பேருக்கு ஓடுகிறது.

மீதி இரண்டு பேரைப் பற்றிக் கேட்டேன். “ஒருத்தருக்கு முதல் வாரமே அடைச்சிட்டு. இன்னொருத்தருக்கு நான் சூட்டைக் கூட்டிட்டேன்மா, என் தப்பு” என்றார். இதைச் சொன்ன பிறகுதான் எனக்குக் கையெழுத்துப் போடத் தோன்றியது. பதினோரு பக்கத்தையும் படித்துவிட்டுப் போட்டேன். சாட்சியாக என் வீட்டுக்காரர் போட்டார், ‘ச.ஆவுடையப்பன்’ என்று மில் ரிஜிஸ்தரில் போடுகிற மாதிரி பெரிதாக.

டாக்டர் மாஸ்க் போட்டுக்கொண்டு பேசியதற்கெல்லாம் அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பஸ் சாத்தூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, “டாக்டரம்மா என்ன சொன்னாவ?” என்றார். முதலிலிருந்து சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

ஸ்பின்னிங் மில் ஆட்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஓடும் இரைச்சலில் காது உதவாது. வாயசைவும் கைஜாடையும்தான் பேச்சு. அவர் முப்பத்தாறு வருஷம் அங்கே ஃபிட்டராக இருந்தவர்.

ஜூன் 13, வியாழன்

நேற்று முடிந்தது. இடது கையால் எழுதுகிறேன். எழுத்து நண்டு மாதிரி போகிறது.

ஜூன் 14, வெள்ளி

ஓடுகிறது.

ஜூன் 18, செவ்வாய்

வலது கையில் பேனா பிடிக்க முடிகிறது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

தோளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் கை போய்விட்டது. பக்கத்தில் யாரோ தன் கையை மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி அது கிடந்தது. முகத்துக்கு முன்னால் துணித்திரை. மற்றவர்களுக்குப் போட்ட மாதிரி எனக்கும் லேசர் கண்ணில் படாமலிருக்க ஒரு பச்சைக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். உலகம் பாசி பிடித்த குளத்துக்கு அடியில் இருப்பது போல் ஆனது. விளக்குகள் மேலே மிதந்தன. யாரும் நடப்பதாகத் தெரியவில்லை. எல்லோரும் மெதுவாக மிதந்து வந்து குனிந்தார்கள்.

அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எங்கே விழுகிறது என்று காட்ட ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் கூடவே போகுமாம். திரைக்கு மேலே தொங்கிய விளக்கின் விளிம்பில் அதன் நிழலாட்டம் எனக்குத் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். டாக்டர் “போடு” என்பார். மெஷின் ஒரு முறை கீச்சிடும். நர்ஸ் சூடு எவ்வளவு என்று சொல்வாள். பிறகு அமைதி. மறுபடி “போடு.” நான் எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பத்தொன்றில் கண் சொருகியது.

கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போர்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மதிய டூட்டி. சின்னச் சின்ன விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் காத்திருப்பது. இணைப்பு வயரை எடுத்துத் துளையில் செருகுகிறேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. “பேசலாம் சார், பேசலாம்” என்கிறேன். யாரும் பேசவில்லை.

யாரோ என் காதில் எதையோ மாட்டினார்கள். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப். அதன் மறுமுனை என் வலது முழங்கை மடிப்பில் இருந்தது. “கேளுங்கம்மா” என்றார்.

டயல் டோன்.

முப்பத்தைந்து வருஷம் ஹெட்செட் மாட்டின காது இது. ஒரு லைன் உயிரோடு இருந்தால் எப்படி இரையும் என்று எனக்குத் தெரியும். இது ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ஏறி இறங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணாடிக்குள் அதுவும் பச்சையாக இருந்தது.

டாக்டர் சொன்னது: தினமும் காலையில் இந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். நின்றால் உடனே போன் செய்ய வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு முன்னால் நின்றது என்பதை வைத்துத்தான் எதையும் செய்ய முடியும். இந்தக் கையும் போனால் மறுபடி கழுத்துதான். வலது கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி கூடாது, வளையல், வாட்ச் கூடாது, பை மாட்டக் கூடாது.

எல்லோரும் விரலை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். எனக்குச் சர்க்கரையால் விரல் நுனிகள் மரத்து நாலு வருஷம் ஆகிறது. கோலப்பொடி விழுகிறதா இல்லையா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மணிக்கட்டாக இருந்தால் காதில் வைத்துக்கொள்ளலாம். முழங்கை மடிப்பு தன் காதுக்கு எட்டாது. இதைப் படிப்பவர் யாராவது இருந்தால் செய்து பார்க்கலாம்.

“அப்போ ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கிருங்க” என்றார் டாக்டர். நான் அதை வீட்டுக்காரருக்குத் திருப்பிச் சொன்னதும், “அது எதுக்கு? நான் கேக்கேன்” என்றார்.

ஜூன் 21, வெள்ளி

காலை 6.10. அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, குனிந்து காதை என் முழங்கை மடிப்பில் வைத்தார். ஒரு நிமிஷம் இருக்கும். கன்னத்து நரைமுடி குத்தியது. ஜன்னலில் வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

“ஓடுது” என்றார்.

கல்யாணமானதிலிருந்து எனக்கும் எக்ஸ்சேஞ்சில் ஷிஃப்ட், அவருக்கும் மில்லில் ஷிஃப்ட். நான் கேட்டைத் திறக்கும்போது அவர் சைக்கிளை வெளியே எடுப்பார். சாவியைக் கை மாற்றிக்கொள்வோம். யோசித்துப் பார்த்தால், அவர் தலை இவ்வளவு பக்கத்தில் ஒரு நிமிஷம் முழுதாக இருந்த நாட்களை எண்ணிவிடலாம்.

உளுந்து ஊறப்போட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

6.10. ஓடுது.

ஜூலை 9, செவ்வாய்

6.10. ஓடுது.

குக்கர் அடிப்பிடித்துவிட்டது. நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஆறு விசில் எண்ணினேன், ஏழு, எட்டு. இறங்கி வந்தபோது அவர் அடுப்புக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பருப்பு கரிந்த வாசனையில் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேரும் பாத்திரத்தைத் தேய்த்தோம். குக்கர் விசில் இப்போதெல்லாம் மெலிவாகத்தான் அடிக்கிறது, ரப்பரை மாற்ற வேண்டும் என்று நான் சொன்னேன்.

ரப்பர் போன மாதம்தான் மாற்றியது.

ஜூலை 18, வியாழன்

டயாலிசிஸ் நாற்காலியில் தூங்கிப்போனேன். கனவில் ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு குழாய்கள். எல்லாவற்றிலும் சன்னமாகப் பச்சை வெளிச்சம் ஓடுகிறது. ஒரு வீட்டில் மட்டும் இருட்டு. கதவைத் தட்டுகிறேன், உள்ளே இருப்பவருக்குக் கேட்கவில்லை.

ஸ்டெல்லா எழுப்பி ரொட்டி கொடுத்தாள். வீட்டில் எப்படிக் கேட்டுக்கொள்கிறீர்கள் என்றாள். சொன்னேன். “காதல் மன்னன்தான், போங்க” என்றாள். ஆனாலும் ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். சரி என்றேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 25, வியாழன்

முதல் முறையாக வலது கையில் ஊசி. ஸ்டெல்லாவின் விரல் குழாயைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. “கயிறு மாதிரி இருக்கும்மா, அருமையா வளந்திருக்கு” என்றாள். நாலு மணி நேரமும் மெஷின் ஒரு முறைகூடக் கத்தவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தலைக்கு ஊற்றிக் குளித்தேன். பதினாலு மாதத்துக்குப் பிறகு. கழுத்தில் தண்ணீர் வழிவதை நின்று அனுபவித்தேன். வாளி காலியானதும் இன்னொரு வாளி பிடித்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

6.10. ஓடுது.

கிணற்று மோட்டார் மக்கர் செய்கிறது. அவர் நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்துப்போய், அதன் நுனியை ஓடுகிற மோட்டாரில் வைத்து, மரப்பிடியைத் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நின்றார். மில்லில் பேரிங் கெட்டுப்போனதை இப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். “பின்பக்கத்து பேரிங். இன்னும் பத்து நாள் தாங்கும்” என்றார்.

நான் வாசலில் நின்று “காப்பி ஆறுது” என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் முதுகு என் பக்கம் இருந்தது. மூன்றாவது தரம் சொல்லவில்லை. போய் முன்னால் நின்றுகொண்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மோட்டார் இன்று நின்றது. ஒன்பது நாள். பின்பக்கத்து பேரிங்தான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சங்கரன்கோவிலில் கல்யாணம். என்னோடு எக்ஸ்சேஞ்சில் இருந்த பேச்சியம்மாளின் மகளுக்கு. உடம்பு முடியாமல் போன பிறகு நான் போகும் முதல் கல்யாணம். விடிகாலை ஐந்துக்கே பட்டுச்சேலை கட்டிவிட்டேன். டாக்டர் சொன்னபடி வலது கையில் ஒரு வளையல்கூடப் போடவில்லை, எல்லாவற்றையும் இடது கையில் அடுக்கிக்கொண்டேன். பையையும் இடது தோளில்தான் மாட்டினேன். பட்டு ஜாக்கெட் பழையது, முழங்கைக்குச் சற்று மேலே வரைக்கும் கை. கையில் இறுக்கிப் பிடித்தது. மூச்சை இழுத்துக் கொக்கியை மாட்டினேன்.

பந்தலில் நாதஸ்வரம், பேச்சு, பிள்ளைகளின் கூச்சல். பேச்சியம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு, “டிரங்க் கால் செம்பகவல்லி வந்துட்டாடீ” என்று எல்லோரிடமும் காட்டினாள். அவர் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்து யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருந்தார்.

வீடு திரும்பும்போது மூன்று மணி. ஜாக்கெட்டைக் கழற்றவும் அலுப்பாக இருந்தது. அப்படியே படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்து மாற்றும்போது கையில் தையல் பதிந்த தடம் சிவப்பாக வளையம் போட்டிருந்தது.

செப்டம்பர் 16, திங்கள்

6.10. ஓடுது.

செப்டம்பர் 18, புதன். மதுரை

திங்கள் காலை மேலே உள்ளதை எழுதிவிட்டுத்தான் டயாலிசிஸ் போனேன். அதை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஸ்டெல்லா விரலை வைத்தாள். எடுத்து மறுபடி வைத்தாள். ஸ்டெதாஸ்கோப்பை மாட்டினாள், இரண்டு அங்குலம் மேலே நகர்த்தினாள், இன்னும் மேலே. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதை என் காதில் மாட்டிக் கேட்டேன். அந்த அமைதி எனக்குத் தெரியும். கம்பி அறுந்த லைன்.

கார் பிடித்து மதுரைக்குப் போகப் பன்னிரண்டேமுக்கால் ஆனது. டாக்டர் ஜெபராணி கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கடைசியா எப்போ ஓட்டம் இருந்துச்சு? சரியாச் சொல்லுங்க. நேரத்தை வச்சுதான் எவ்வளவு தூரம் திறக்கணும்னு நான் முடிவு பண்ணணும்.”

காலை ஆறு பத்துக்கு இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருப்பேன். பக்கத்தில் நின்ற அவர் என் கைமேல் கையை வைத்தார். டாக்டரைப் பார்த்து, மாஸ்க்கை இறக்கும்படி ஜாடை காட்டினார். டாக்டர் இறக்கினார். கேள்வியை மறுபடி கேட்டார்.

“தெரியாது டாக்டர்” என்றார். “எனக்குக் காது கேக்காது. ஒரு நாளும் அது கேட்டதில்ல. அவ சிரிச்சா ஓடுதுன்னு சொல்லுவேன்.”

டாக்டர் என் கையைத் திருப்பினார். முழங்கைக்கு மேலே சிவப்பு வளையம் இன்னும் மங்கலாக இருந்தது. இது என்ன என்றார். பட்டு ஜாக்கெட் என்றேன். எத்தனை மணி நேரம்? பன்னிரண்டு. பருத்த குழாய் அதற்கு நேர் கீழே போகிறது.

“அப்போ நேத்து மத்தியானத்துலேர்ந்துன்னு வச்சுக்குறேன்” என்றார். “காலையிலேர்ந்துன்னு நினைச்சுத் திறந்திருந்தா மேல உறைஞ்சிருக்குறத விட்டிருப்பேன்.”

மறுபடி கை போனது, மறுபடி பச்சைக் கண்ணாடி. இந்தத் தடவை நான் எண்ணவில்லை. தண்ணீருக்கு அடியில் கிடந்து, திரைக்கு அந்தப் பக்கம் யார் யாரோ என் கையை எடுத்துக்கொண்டு தூரம் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரத்தக்கட்டி மேலே வரைக்கும் நீண்டிருந்ததாம். அதை முழுதாக உருவி எடுத்துவிட்டு, குழாயில் திறந்த இடத்தைத் தைக்காமல் அதே ஒளியால் மூடினார்கள். “போடு” என்ற குரல் இருபத்திரண்டு தடவை கேட்டதாக நர்ஸ் அப்புறம் சொன்னாள்.

நேற்று டாக்டர் வந்து உட்கார்ந்தார். ஜூன் மாதம் ஒட்டிய இடம் அடைக்கவே இல்லையாம். “உள்ள தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சும்மா. அவ்வளவு வழவழன்னு இருக்கு.” அதைச் சொல்லும்போது அவர் முகம் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை முகமாக இருந்தது. பிறகு செய்யக் கூடாதவை எழுதிய தாளை எடுத்து, வளையல், வாட்ச், பை என்பதற்குக் கீழே ‘இறுக்கமான ஜாக்கெட் கை’ என்று பேனாவால் எழுதினார். “அடுத்தவங்களுக்கு ஆகும்” என்றார்.

தன் மேஜையிலிருந்த பழைய ஸ்டெதாஸ்கோப் ஒன்றை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பர் 20, வெள்ளி

வீடு. சாம்பார் அடுப்பில் இருந்தபோது அவர் வந்து எனக்கு எதிரே, நான் பேசினால் தெரிகிற மாதிரி நின்றார்.

“ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு” என்றார். “சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“தெரியும்” என்றேன்.

“எப்போலேர்ந்து?”

எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டு அலைந்த காலத்திலிருந்து. அந்த வருஷங்களில் அவர் யாரோடும் பேசாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார். பயம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் ஆயிரக்கணக்கான லைன்களைச் சோதித்தவள். ஒருபக்கம் மட்டும் பேசுகிற லைன் எது என்று எனக்கு ஒரு நொடியில் தெரியும். இதையெல்லாம் சொல்லவில்லை. “கொஞ்ச நாளா” என்றேன்.

அவர் கிட்டே வந்தார். “தெரிஞ்சுக்கிட்டு ஏன் என்னையக் கேக்க விட்டட்டி? செத்திருப்பியே.”

சாம்பார் பொங்கியது. அடுப்பைக் குறைத்தேன்.

செப்டம்பர் 21, சனி

6.10. ஸ்டெதாஸ்கோப்பில் நானே கேட்டேன். இருக்கிறது. முன்னைவிடச் சற்றுக் கனமான குரல். அவர் வரவில்லை. கிணற்றடியில் ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

கட்டில் அகலமாக இருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

6.10. கேட்டுக்கொண்டிருக்கும்போது நிலைப்படியில் அவர் நின்றார். சட்டைப் பொத்தான் போடவில்லை. குளித்து முகம் மழித்திருந்தார்.

நான் ஸ்டெதாஸ்கோப்பின் முனையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, மடிப்பில் இடம் விட்டேன்.

அவர் உட்கார்ந்தார். காதை வைக்கவில்லை. தையல் போட்ட இடத்தை விட்டு ஓரமாக, மோட்டாரில் ஸ்குரூ டிரைவரை வைக்கிற கவனத்தோடு, தாடை எலும்பை என் கைமேல் வைத்தார். பாரம் தரவில்லை. தொட்டது, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார். என் காதில் அந்த இரைச்சல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வெளிச்சம் வந்து அவர் காதுமடலில் நின்றது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

அவர் தலையைத் தூக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியபடியே சொன்னார்.

“ஏட்டி, இது இவ்வளவு சத்தமாவா ஓடுது?”

6.10. லைன் இருக்கிறது. இரண்டு பேரும் கேட்டோம்.